நான்கு பேர் தனியாக வெளிநாடு போன கதை

ஆமணக்குப்பட்டியில் புத்திசாலிகளும் இருக்கத்தான் செய்தார்கள். அவர்களைப் பற்றிச் சொல்ல ஒன்றுமில்லை. காலையில் வேலைக்குப் போனார்கள், சாயங்காலம் திரும்பி வந்தார்கள். நாம் பார்க்கப்போவது மற்ற நான்கு பேரை.

தவமணி, காசிமாயன், மொக்கச்சாமி, ஒச்சப்பன். நால்வரும் சேர்ந்து பந்தல் போடுகிற தொழில் செய்தார்கள். ஒன்றாம் வகுப்பில் ஒரே பெஞ்சில் உட்கார்ந்தவர்கள் இன்னும் எழுந்திருக்கவில்லை என்று ஊரில் சொல்வார்கள். காசிமாயன் யோசிக்கிறவன். மொக்கச்சாமி சந்தேகம் கேட்கிறவன். ஒச்சப்பன் எதைச் சொன்னாலும் தலையாட்டுகிற நல்லவன். தவமணிக்கு இந்த மூன்று பேரின் முகத்தைப் பார்க்காமல் எதுவும் செய்ய வராது. அவனுக்குப் பல் பிடுங்கிய அன்று மற்ற மூவரும் கன்னத்தில் கைவைத்துக்கொண்டு கஞ்சி குடித்தார்கள்.

ஆகவே தவமணிக்குப் பெண் பார்க்கப் போனபோது நால்வரும் போனதில் ஆச்சரியம் ஒன்றும் இல்லை. திருவிழாவுக்கு ஒரே துணியில் தைத்த பச்சைச் சட்டையைப் போட்டுக்கொண்டு வரிசையாக உட்கார்ந்தார்கள். பெண்ணின் சித்தி நான்கு பேரையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு, "இதுல மாப்பிள்ளை யாருங்க?" என்று கேட்டாள். நால்வரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள்.

பெண்ணின் பெயர் பூங்கோதை. பள்ளிக்கூடத்தில் பூகோளம் எடுக்கிற டீச்சர். பாடப்புத்தகத்தில் இருக்கிற ஊர்களை நேரில் பார்த்துவிட்டுத்தான் பாடம் நடத்துவேன் என்று லீவுக்கு லீவு தனியாகக் கிளம்பிவிடுகிறவள். காபியைக் கொடுத்துவிட்டு, "சீனி பத்துமாங்க?" என்று கேட்டாள். தவமணி காசிமாயனைப் பார்த்தான். காசிமாயன் தன் டம்ளரில் ஒரு வாய் குடித்து, கண்ணை மூடி யோசித்து, "அவனுக்குப் பத்தாதுங்க" என்றான்.

பூங்கோதை சிரித்துவிட்டாள். கேலியாக இல்லை, வாய்விட்டு, மனசுவிட்டு. அந்தச் சிரிப்பிலேயே தவமணி விழுந்துவிட்டான். கட்டினால் இவளைத்தான் கட்டுவது என்று அந்த நிமிஷமே முடிவெடுத்தான். மூவரையும் கேட்காமல் அவன் எடுத்த முதல் முடிவு அதுதான்.

"நான் இவருகிட்ட தனியாப் பேசணும்" என்றாள் பூங்கோதை.

மாடிக்குப் போனார்கள். திரும்பிப் பார்த்தால் நால்வரும் நின்றார்கள்.

"தனியான்னு சொன்னேனே" என்றாள் அவள்.

"தனியாத்தாங்க வந்திருக்கோம்" என்றான் காசிமாயன். "வேற ஒருத்தரையும் கூட்டிட்டு வரல."

மூவரையும் கீழே அனுப்பிவிட்டு அவள் தவமணியிடம் நேராகவே சொன்னாள். "உங்களைப் பாத்தா நல்லவராத் தெரியுது. ஆனா உங்களைக் கட்டிக்கிட்டா நாலு பேரையும் கட்டிக்கிட்ட மாதிரில்ல ஆகும்? நீங்க ஒண்ணு செய்யுங்க. உங்களை யாருக்கும் தெரியாத வெளிநாட்டுக்குத் தனியாப் போங்க. ஹாஸ்டல்ல தங்குங்க. நீங்களாப் பேசி ஒரே ஒரு சினேகிதரைப் பிடிச்சுட்டு வாங்க. அதுக்கப்புறம் கல்யாணத்தைப் பேசுவோம்."

"சினேகிதர் பிடிக்கிறது எப்படிங்க?" என்று கேட்டான் தவமணி. இருக்கிற மூன்று பேரும் அவனுக்குப் பிறந்ததிலிருந்து இருக்கிறார்கள். பிடித்த ஞாபகமே இல்லை.

"ரொம்பச் சுலபம்ங்க. யாரைப் பாத்தாலும் சிரிங்க. அங்க பொதுவா ஒரு அடுப்படி இருக்கும், ஏதாச்சும் சமைங்க, வாசனைக்கே ஆளுங்க ஓடி வருவாங்க. முக்கியமா, அவங்களா வந்து பேசட்டும்னு காத்திருக்கக் கூடாது. நீங்கதான் போய் மொதல்ல பேசணும்."

அன்று சாயங்காலம் பந்தல் சாமான் குடோனில் ஆலோசனை நடந்தது.

"தனியாப் போகணும்னு சொல்லிட்டாங்கடா" என்றான் தவமணி.

காசிமாயன் வெகுநேரம் யோசித்தான். "நீ தனியாப் போ. நானும் தனியாப் போறேன். மொக்கையும் தனியாப் போகட்டும். ஒச்சப்பனும் தனியாப் போகட்டும். தனியாப் போறவங்க எல்லாரும் ஒரே வண்டியில போகக் கூடாதுன்னு அந்தப் பொண்ணு சொல்லுச்சா?"

"சொல்லல."

"ஒரு சந்தேகம்" என்றான் மொக்கச்சாமி. "ஒருத்தரை ஒருத்தர் தெரிஞ்சிருந்தா அது எப்பிடித் தனியாகும்?"

இது நியாயமான கேள்வி. மூன்று பேரும் மொக்கச்சாமியைப் பெருமையோடு பார்த்தார்கள்.

"அப்ப தெரியாமப் போவோம்" என்றான் காசிமாயன்.

கருப்பன் கோயிலில் சூடம் ஏற்றி, அதை அடித்து அணைத்துச் சத்தியம் செய்தார்கள். ஊர் எல்லையில் இருக்கிற பெயர்ப் பலகையைத் தாண்டினால் ஒருவருக்கு ஒருவர் யாரென்றே தெரியாது. திரும்பி வந்து அதே பலகையைத் தாண்டுகிறபோதுதான் தெரியும். மீறினால் கருப்பன் கண்ணைப் பிடுங்கிவிடுவார். சூடம் அடித்த சத்தியத்தில் அந்தப் பக்கத்து ஆட்கள் விளையாட மாட்டார்கள். இவர்கள் மட்டும் விளையாடுவார்களா?

வியட்நாமில் ஹனோய் என்ற ஊருக்குப் போவது என்று முடிவாயிற்று. பலகையைத் தாண்டியதும் பஸ்ஸில் நால்வரும் நான்கு ஜன்னல் வழியாக வெளியே பார்த்தார்கள். விமானத்திலும் அப்படியே. நடுவானத்தில் மொக்கச்சாமி தும்மினான். பழக்கதோஷத்தில் "நூறு" என்று சொல்ல வாயெடுத்த காசிமாயன் சட்டென்று வாயைப் பொத்திக்கொண்டான். தும்மியவனுக்கு நூறு சொல்லாமல் விடுவதும் பாவம். ஆகவே விமானப் பணிப்பெண்ணைக் கூப்பிட்டு, "அந்தா இருக்காரே, யாரோ ஒருத்தரு, அவருகிட்ட நூறுன்னு சொல்லிருங்க" என்றான். அவளுக்குத் தலையும் புரியவில்லை, காலும் புரியவில்லை. மொக்கச்சாமிக்கு ஒரு தலையணை கொண்டுபோய்க் கொடுத்தாள்.

ஹனோய் விமான நிலையத்தில் பாஸ்போர்ட் பார்க்கிற அதிகாரி முன்னால் நால்வரும் ஒருவர் பின் ஒருவராக நின்றார்கள். நான்கு பச்சைச் சட்டை. யாரைப் பார்த்தாலும் சிரிக்க வேண்டும் என்பதால் நான்கு சிரிப்பு. அதிகாரி இவர்களுடைய பாஸ்போர்ட்டுகளைப் புரட்டினார். ஒரே ஊர். ஒரே தெரு.

"சேர்ந்து வந்திருக்கிறீர்களா?" என்று ஆங்கிலத்தில் கேட்டார்.

"தனியா" என்றான் தவமணி.

"தனியா" என்றான் பின்னால் நின்ற ஒச்சப்பன்.

"தனியா" என்றார்கள் மற்ற இருவரும்.

அதிகாரி காசிமாயனைக் காட்டி, "இவர் யார்?" என்று தவமணியைக் கேட்டார்.

"தெரியாதுங்க, சார். ஆனா தங்கமான பையன்."

"தெரியாதென்றால் தங்கமான பையன் என்பது எப்படித் தெரியும்?"

தவமணிக்கு வியர்த்துக் கொட்டியது. "மூஞ்சியப் பாத்தாலே தெரியலையா, சார்?" என்றான், பள்ளிக்கூடத்து ஆங்கிலத்தில்.

அதிகாரி பெரிய அதிகாரியைக் கூப்பிட்டார். பெரிய அதிகாரி நான்கு பைகளையும் திறக்கச் சொன்னார். தவமணியின் பையில் ஒச்சப்பனின் வேட்டி இருந்தது. ஒச்சப்பனின் பையில் மொக்கச்சாமியின் தலைக்கு எண்ணெய் இருந்தது. மொக்கச்சாமியின் பையில் நால்வருக்குமான முறுக்கு இருந்தது. பெரிய அதிகாரி சட்டப்புத்தகத்தை மனசுக்குள் முழுவதும் ஓட்டிப் பார்த்தார். இதற்கு அதில் தண்டனை ஒன்றும் இல்லை. முத்திரை குத்தி அனுப்பிவிட்டார். தவமணி போகிறபோது அவரைப் பார்த்தும் சிரித்தான்.

ஹாஸ்டலில் ஒரே அறையில் மேலும் கீழுமாகக் கட்டில்கள். கட்டிலுக்குக் கட்டில் ஒரு திரை. உலகத்தில் இருக்கிற அத்தனை நாட்டு ஆட்களும் அங்கே கால்நீட்டிப் படுத்திருந்தார்கள். வரவேற்பில் இருந்த லின் என்ற பெண் சாவியைக் கொடுத்தாள். தவமணி பையை வைத்துவிட்டு, தொண்டையைக் கனைத்து, முதல் சினேகிதரைப் பிடிக்கத் தயாரானான். யார் முதலில் கிடைப்பார் என்று திரும்பினான்.

பக்கத்துக் கட்டிலிலிருந்து தாடிவைத்த ஒரு வெள்ளைக்காரர் கையை நீட்டினார். "ஹலோ! நான் தோமெக். போலந்து. நீங்க?"

தவமணி விதிர்விதிர்த்துப் போனான். முந்திக்கொண்டுவிட்டார்! நான்தான் முதலில் பேச வேண்டும் என்று பூங்கோதை எவ்வளவு தெளிவாகச் சொல்லியிருக்கிறாள். இனி இந்த ஆள் செல்லாது. தவமணி ஒரு வார்த்தை பேசாமல் சிரித்துக்கொண்டே அறையை விட்டு ஓடினான்.

வெளியே ஒரு பிரேசில் நாட்டுப் பெண், "மாம்பழம் வேணுமா?" என்றாள். போச்சு. படியில் ஒரு கொரியாக்காரப் பையன், "உங்க மீசை நல்லா இருக்கு" என்றான். அவனும் போய்விட்டான். உலகத்தில் சிரித்த முகமாக இருக்கிற மனுஷனிடம் ஜனங்கள் இப்படி வந்து விழுவார்கள் என்று தவமணிக்கு யாரும் சொல்லியிருக்கவில்லை. மதியத்துக்குள் அந்த ஹாஸ்டலில் பாதிப் பேர் அவனோடு பேசி வீணாய்ப்போனார்கள்.

பேச வந்தவர்களைக் கண்டால் தவமணி குளியலறைக்குள் போய்த் தாழ் போட்டுக்கொண்டான். கதவுக்குப் பின்னால் ஒளிந்திருந்து யாராவது வந்தால் குதித்து "ஹலோ" சொல்லிப் பார்த்தான். அவன் சொல்வதற்குள் அவர்கள் அலறினார்கள். அலறலைப் பேச்சாகச் சேர்ப்பதா என்று அவனுக்குக் குழப்பம். எதற்கு வம்பு என்று சேர்த்துக்கொண்டான்.

சில நாள் இப்படியே போய், கடைசியில் ஒரு யோசனை வந்தது. தூங்குகிறவனால் முந்த முடியாது அல்லவா? சாப்பாட்டுக்குப் பிறகு தோமெக் குட்டித்தூக்கம் போட்டபோது, போனது போகட்டும், புதுசாக ஆரம்பிப்போம் என்று அவர் கட்டிலின் ஓரத்தில் உட்கார்ந்தான். குனிந்து, சிரித்த முகத்தோடு, அவர் கண் திறப்பதற்காகக் காத்திருந்தான். தோமெக் கண்ணைத் திறந்தார். ஒரு சாண் தூரத்தில் ஒரு மீசை சிரித்தது.

"ஹலோ!" என்று கத்தினார் தோமெக்.

தவமணி தலையில் கைவைத்துக்கொண்டான்.

மற்ற மூவரும் இதையெல்லாம் பார்த்துக்கொண்டுதான் இருந்தார்கள். நண்பன் தவிக்கிறதை அவர்களால் பார்க்க முடியவில்லை. ஆனால் அவன் யாரென்றே தெரியாதே, என்ன செய்வது? ஒச்சப்பன் மட்டும் திரைக்குள் முகத்தை மறைத்துக்கொண்டு, யாரோ ஒருவருக்காகக் கண்ணைத் துடைத்துக்கொண்டான்.

இனி இருப்பது சமையல் ஒன்றுதான். வாசனைக்கே ஆளுங்க ஓடி வருவாங்க என்று பூங்கோதை சொல்லியிருந்தாள். தவமணி பையிலிருந்து கருவாட்டுப் பொட்டலத்தை எடுத்தான். அசல் நெத்திலி. பொது அடுப்படியில் சட்டியை வைத்து, எண்ணெயைக் காயவிட்டு, மிளகாயையும் கருவாட்டையும் ஒன்றாகப் போட்டான். ஜன்னல் திறந்திருந்தால் வாசனை வீணாகத் தெருவுக்குப் போய்விடுமே என்று எல்லா ஜன்னலையும் அடைத்தான்.

பூங்கோதை சொன்னது பொய்யில்லை. ஆட்கள் ஓடி வந்தார்கள். அறை அறையாக வந்தார்கள், துண்டைக் கட்டிக்கொண்டு வந்தார்கள், பல் துலக்குகிற நுரையோடு வந்தார்கள். ஆனால் அடுப்படிப் பக்கம் வராமல் வாசல் பக்கம் ஓடினார்கள். கூரையில் ஏதோ மணி அலறியது. லின் மூக்கைப் பிடித்துக்கொண்டு எல்லாரையும் தெருவுக்கு விரட்டினாள். சற்று நேரத்தில் சிவப்பு வண்டியில் தலைக்கவசம் போட்டவர்களும் வந்து இறங்கினார்கள்.

தவமணி சட்டியும் கரண்டியுமாகத் தெருவில் வந்து நின்றான். இத்தனை பேரை ஒரே இடத்தில் பார்த்து அவன் மனசு குளிர்ந்துபோனது. யாரிடம் முதலில் பேசலாம் என்று நிதானமாகத் தேர்ந்தெடுக்கத் தொடங்கினான். அதற்குள் அத்தனை பேரும் ஒரே நேரத்தில் அவனிடம் பேசினார்கள். லின் பேசினாள், தீயணைப்புக்காரர்கள் பேசினார்கள், பிரேசில்காரி இருமிக்கொண்டே பேசினாள். நல்ல வார்த்தையாக ஒன்றும் இருந்ததாகத் தெரியவில்லை. எப்படியோ, எல்லாரும் முந்திக்கொண்டார்கள். ஆகவே ஒருவரும் தேறவில்லை.

தோமெக் மட்டும் ஒரு நெத்திலியை எடுத்து வாயில் போட்டு, இன்னொன்றையும் எடுத்து, "பிரமாதம்!" என்று அவன் தோளைத் தட்டினார். தவமணி பாவமாக அவரைப் பார்த்தான். எவ்வளவு நல்ல மனுஷர். முதலிலேயே வாயைத் திறக்காமல் இருந்திருக்கக் கூடாதா?

ஊருக்குத் திரும்புகிற நாள் நெருங்கிவிட்டது. பூங்கோதை கைநழுவிப் போகிறாள் என்று தவமணிக்குத் தெரிந்துவிட்டது. அழாத குறையாக அந்தக் கூட்டத்தை ஒருமுறை பார்த்தான். அப்போதுதான் கவனித்தான். தெரு ஓரத்தில் ஒரு வேப்பமரம் போலிருந்த ஏதோ மரத்தடியில் மூன்று பேர் தனித்தனியாக நின்றார்கள். இத்தனை நாளில் அவனிடம் ஒரு வார்த்தை பேசாதவர்கள் அந்த ஹாஸ்டலில் அவர்கள் மூவர்தான்.

தவமணி சட்டையை இழுத்துவிட்டுக்கொண்டு, நடுவில் நின்றவரிடம் போனான்.

"ஹலோ" என்றான். "என் பேரு தவமணிங்க. உங்க பேரு?"

அந்த மனிதர் கண்ணில் நீர் தளும்ப, "ஒச்சப்பன்ங்க" என்றார்.

"அட, தமிழாங்க நீங்க! எந்த ஊரு?"

"ஆமணக்குப்பட்டி."

தவமணிக்குப் புல்லரித்துவிட்டது. "எங்க ஊரும் அதுதாங்க! அங்க எந்தப் பக்கம்?"

"மாரியம்மன் கோயிலுக்குப் பின்னாடிங்க. நீலக் கேட்டுப் போட்ட வீடு. ஊருக்கு வந்தா அவசியம் வீட்டுக்கு வரணும்."

"என்ன ஆச்சரியம் பாருங்க! ஒரே ஊருல இருந்துக்கிட்டு, கடல் தாண்டி வந்துல்ல பழகணும்னு இருந்திருக்கு!"

இருவரும் கையைப் பிடித்துக் குலுக்கினார்கள். பேசப் பேச எத்தனை ஒற்றுமை! இருவரும் பந்தல் தொழில். இருவரும் ஒரே பள்ளிக்கூடம். அன்று முழுவதும் சேர்ந்து ஹனோய் ஏரிக்கரையைச் சுற்றினார்கள். வாங்க போங்க என்று அவ்வளவு மரியாதையாகப் பேசிக்கொண்டார்கள்.

காசிமாயனுக்கு இது பிடிக்கவில்லை. பொறுத்துப் பொறுத்துப் பார்த்துவிட்டு, அவர்கள் சின்ன ஸ்டூலில் உட்கார்ந்து காபி குடித்துக்கொண்டிருந்த இடத்துக்கு வந்தான்.

"ஏங்க, நான் யாருன்னு உங்களுக்குத் தெரியாது. நீங்க யாருன்னு எனக்கும் தெரியாது. ஆனா மனசு கேக்கல, சொல்றேன். ஊர்ல உங்களுக்கு ஒச்சப்பன்னு ஒரு பழைய கூட்டாளி இருக்கான். புதுசா ஒருத்தரு கெடைச்சுட்டாருன்னு அவனை மறந்துட்டா நல்லாருக்குமா? இது தெரிஞ்சா அவன் என்ன பாடுபடுவான்?"

தவமணி தலைகுனிந்தான். "அவரு சொல்றது நியாயம்தாங்க" என்றான் ஒச்சப்பன். "எனக்காக நீங்க அவரை விட்டுறாதீங்க. அந்த ஒச்சப்பனை நெனச்சா எனக்கே பாவமா இருக்கு."

"ஒரு சந்தேகம்" என்றார் அடுத்த மேஜையிலிருந்த முன்பின் தெரியாத ஒருவர். "ரெண்டு பேரையும் வெச்சுக்கிட்டா என்ன?"

எல்லாருக்கும் அது சரியென்று பட்டது.

அன்றே தவமணி பூங்கோதைக்கு வீடியோ கால் போட்டான். "புடிச்சுட்டேங்க!" என்று போனைத் திருப்பிப் பக்கத்தில் இருந்தவரைக் காட்டினான். "இவருதான். நானாப் போய்த்தாங்க மொதல்ல பேசினேன்."

பூங்கோதை பார்த்தாள். பச்சைச் சட்டை போட்ட ஒச்சப்பன் அவளுக்குக் கும்பிடு போட்டு, "வணக்கம்ங்க, எம்பேரு ஒச்சப்பன், நாம பாத்ததில்ல" என்றான். பின்னால் தாடிவைத்த ஒரு வெள்ளைக்காரர் கையாட்டி, "இந்த மனிதர் எனக்கு ரொம்பப் பிடித்தவர், ஆனால் நான் பேசினால் ஓடிவிடுகிறார்" என்று ஆங்கிலத்தில் கத்தினார்.

பூங்கோதைக்கு என்ன நடந்திருக்கும் என்று கொஞ்சம் கொஞ்சமாகப் புரிந்தது. திட்டுவதா சிரிப்பதா என்று தெரியாமல், "கருவாடு வறுத்து ஹாஸ்டலையே காலி பண்ணுனது யாரு?" என்று கேட்டாள். லின் இணையத்தில் போட்ட படம் அதற்குள் ஊர் சுற்றி அவளிடமும் வந்திருந்தது.

"நான்தாங்க" என்றான் தவமணி.

இடது பக்கம் பார்க்கவில்லை, வலது பக்கம் பார்க்கவில்லை. நேராகச் சொன்னான். அவன் மேல் தனக்கு ஆசை வந்தது அப்போதுதான் என்று பூங்கோதை பிற்பாடு சொல்லியிருக்கிறாள்.

"சரி, அந்தத் தாடிக்காரருகிட்ட போனைக் குடுங்க" என்றவள், அவரோடு கொஞ்ச நேரம் ஆங்கிலத்தில் சிரித்துச் சிரித்துப் பேசினாள். பிறகு தவமணியிடம், "அந்தப் புது சினேகிதரைக் கூட்டிக்கிட்டு நேரா எங்க வீட்டுக்கு வாங்க. முகூர்த்தம் பேசிருவோம்" என்று விளையாட்டாகச் சொல்லி வைத்தாள். விளையாட்டாகச் சொன்னதுதான் அவள் செய்த தப்பு.

திரும்பி வந்தார்கள். விமானத்திலும் பஸ்ஸிலும் தவமணியும் புது சினேகிதரும் பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்து வந்தார்கள். பஸ் ஆமணக்குப்பட்டி பலகையைத் தாண்டியது. சத்தியம் கழிந்தது.

"மாப்ள!" என்று ஒச்சப்பன் தவமணியின் கழுத்தைக் கட்டிக்கொண்டான். "உன்கிட்ட பேசி எம்புட்டு நாளாச்சுடா!" காசிமாயனும் மொக்கச்சாமியும் பாய்ந்து வந்து கட்டிக்கொண்டார்கள். நால்வரும் பஸ் ஸ்டாப்பில் இறங்கி நின்று அழுது தீர்த்தார்கள்.

அழுது முடித்ததும் தவமணி சுற்றும் முற்றும் பார்த்தான். முகம் வெளிறியது. "அவரு எங்கடா?"

"யாரு?"

"புது சினேகிதரு! பஸ்ஸுல எம்பக்கத்துலதான் உக்காந்து வந்தாரு!"

கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. ஒச்சப்பன்தான் எல்லாரையும் விடப் பதறினான். "எறங்குறப்ப நான் பாக்கலையேடா! ஆளு எப்பிடிடா இருப்பாரு?"

"கிட்டத்தட்ட உன்னைய மாதிரித்தான் இருப்பாரு. ஆனா ரொம்ப மரியாதையாப் பேசுவாரு."

"வீட்டு அடையாளம் ஏதாச்சும் சொன்னாரா?" என்று கேட்டான் காசிமாயன்.

"மாரியம்மன் கோயிலுக்குப் பின்னாடி, நீலக் கேட்டு."

"அட, அது எங்க வீட்டுப் பக்கம்டா!" என்று ஒச்சப்பன் முன்னால் ஓடினான்.

நீலக் கேட்டை ஒச்சப்பனே தட்டினான். உள்ளே அவன் அம்மா குனிந்து முறத்தில் அரிசி புடைத்துக்கொண்டிருந்தாள்.

"ஒச்சப்பன்னு ஒருத்தரு இங்க இருக்காராம்மா?" என்று கேட்டான் ஒச்சப்பன்.

"அவன் வெளிநாடு போயிருக்கானப்பா" என்றாள் அம்மா, நிமிராமல். "இன்னும் வரல."

நால்வரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். தவமணி கேட்டைப் பிடித்துக்கொண்டு அப்படியே உட்கார்ந்துவிட்டான். புது சினேகிதரைக் கூட்டிக்கொண்டு வரச் சொன்ன பூங்கோதைக்கு இனி எந்த முகத்தைக் காட்டுவது?

வீட்டில் சொந்தக்காரர்களைக் கூட்டிவைத்துக் காத்திருந்து பார்த்துவிட்டு, பூங்கோதை ஸ்கூட்டியை எடுத்துக்கொண்டு அங்கேயே வந்துவிட்டாள்.

"என்னாச்சுங்க?"

"அவரைத் தொலைச்சுட்டேங்க" என்றான் தவமணி. கண்ணீர் பொலபொலவென்று கொட்டியது. "அவங்க அம்மாவையும் கேட்டாச்சு. இன்னும் வரலையாம். நீங்க சொன்னபடி என்னால கூட்டிட்டு வர முடியல. என்னைய மன்னிச்சிருங்க."

பூங்கோதை ஒச்சப்பனைப் பார்த்தாள். முறத்தோடு இருந்த அம்மாவைப் பார்த்தாள். ஏதோ விளக்கம் சொல்ல வாயெடுத்தாள். சொல்லி ஆகப்போவது ஒன்றுமில்லை என்று அவளுக்கே தோன்றியது. அவன் கண்ணீரைப் பார்க்கப் பார்க்க அவளுக்கு மனசு இளகிப்போனது.

"அவரு வரட்டும் வராட்டி போகட்டும், வைகாசியில கல்யாணம்" என்றாள். "அவரு கல்யாணத்துக்கு வந்துருவாருங்க. எனக்குத் தெரியும்."

வைகாசியில் கல்யாணம் நடந்தது. பந்தல் இவர்களே போட்டார்கள். பூங்கோதை போனிலேயே அழைத்திருந்ததால் தோமெக் போலந்திலிருந்து வேட்டி கட்டிக்கொண்டு வந்து சேர்ந்தார். தாலி கட்டி முடிந்ததும் பந்திக்கு இலை போட்டார்கள். தவமணி கேட்டுக்கொண்டபடி, முதல் பந்தியில் ஓர் இலை புது சினேகிதருக்கு என்று ஒதுக்கப்பட்டது. அந்தப் பொறுப்பை ஒச்சப்பன் ஏற்றுக்கொண்டான்.

இலைக்கு முன்னால் நாற்காலியில் துண்டை விரித்துப் போட்டுவிட்டுப் பக்கத்தில் நின்றான். யார் உட்கார வந்தாலும், "ஆள் வருது" என்று திருப்பி அனுப்பினான். இலையில் சோறு விழுந்தது, சாம்பார் விழுந்தது, பாயசமும் விழுந்தது. முதல் பந்தி எழுந்தது, அடுத்த பந்தி எழுந்தது. ஒச்சப்பனுக்குக் காலையிலிருந்து பச்சைத் தண்ணீர் கூட இறங்கவில்லை. வயிறு ஒட்டிப்போய், அப்பளத்தைப் பார்த்து எச்சில் விழுங்கிக்கொண்டு நின்றான். தோமெக் அவன் தோளைப் பிடித்து அந்த நாற்காலியில் அழுத்தி உட்காரவைக்கப் பார்த்தார். ஒச்சப்பன் திமிறி எழுந்து துண்டைச் சரிசெய்தான்.

மாலையும் கழுத்துமாகப் பந்திப் பக்கம் வந்த பூங்கோதைக்குப் பொறுக்கவில்லை. "அண்ணே, நீங்க அந்த இலையில உக்காந்து சாப்பிடுங்க. அவரு ஒண்ணும் நெனைச்சுக்க மாட்டாரு."

ஒச்சப்பன் அவளை வருத்தத்தோடு பார்த்தான். படித்த பெண், இவ்வளவு விவரம் இல்லாமலா பேசுவாள்?

"அது எப்பிடிம்மா?" என்றான். "அம்புட்டுத் தூரத்துல இருந்து வர்ற மனுசன். அவரு சாப்பிடாம நான் சாப்பிட்டா நல்லாவா இருக்கும்?"